காசநோய்க் கிருமியின் மரபணுவில் கைவைத்து மருந்து தேடுவது: எந்த அளவுக்குப் பலன்?

வினாக்குறி

நண்பர்களுக்கு வணக்கம். காசநோய்க் கிருமியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்தும் குறைத்தும் பார்த்து, புது மருந்துக்கான இலக்குகளைத் தேடுகிறார்கள் என்று அவ்வப்போது படிக்கிறேன். எனக்கு உயிரியல் பின்னணி கிடையாது. பிழைப்பு கணினித் துறையில். இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன.

அந்தக் கிருமியின் மரபணுத்தொகுதி 1998ஆம் ஆண்டிலேயே முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள், 4,000 மரபணுக்கள். முழு நிரலும் கையில் இருக்கும்போது, எதை அடித்தால் கிருமி சாகும் என்று கணினியிலேயே கணக்குப் போட முடியாதா?

இரண்டாவது, 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் 12.5 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கிருமியை எடுத்து மாற்றியமைப்பது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற வேலை இல்லையா?

சோதனைக்குழாய்

மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் இனம்) ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஓணான் விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன். அதை எப்படியும் இன்னொருவர் கேட்பார்.

நிரல் கையில் இருப்பது உண்மைதான். ஆனால் 1998இல் வெளியான பட்டியலில் கணிசமான மரபணுக்களுக்கு எதிரே, வேலை என்னவென்று தெரியாத புரதம் என்றுதான் எழுதியிருந்தது. இன்றும் அந்த வரிசை முழுதாகக் காலியாகிவிடவில்லை. வேறு பாக்டீரியாவோடு ஒப்பிட்டு ஊகிக்கலாம், ஆனால் ஈ. கோலைக்கு உயிர்நாடியாக இருப்பது இதற்கும் உயிர்நாடியாக இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கெடுப்பதற்கு மிகவும் புழக்கத்தில் இருப்பது ஹிமார்1 என்ற டிரான்ஸ்போசான். இடம்விட்டு இடம் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டு அது. 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் போய் உட்காரும். காசநோய்க் கிருமியில் அப்படிப்பட்ட இடங்கள் 74 ஆயிரத்துக்கும் மேல். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் ஒன்றில் இதை ஏற்றி, கோடிக்கணக்கான கிருமிகள் உள்ள குடுவையில் விடுகிறோம். ஒவ்வொரு கிருமியிலும் எங்கேயாவது ஓரிடத்தில் துண்டு நுழைந்து அங்கிருக்கும் மரபணுவை உடைக்கிறது. பிறகு தட்டுகளில் வளரவிட்டு, வளர்ந்த அத்தனையையும் சுரண்டி எடுத்து, துண்டு எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்க்கிறோம். ஒரு மரபணுவில் இருபது இடம் இருந்தும் ஒன்றில்கூடத் துண்டு காணப்படவில்லை என்றால், அங்கே நுழையப்பெற்ற கிருமிகள் பிழைக்கவில்லை என்று பொருள்.

2003இல் இப்படிச் செய்தபோது, நன்றாக வளர்வதற்குத் தேவைப்படுபவை 614 என்று கணக்கு வந்தது. 2017இல் இன்னும் செறிவான தொகுப்புகளை வைத்துப் பார்த்தபோது, இல்லாவிட்டால் வளரவே முடியாதவை 461 என்றார்கள். இரண்டு கேள்விகளும் வேறு வேறு, முறைகளும் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வதற்குச் சுலபம். ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கிறது. இதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும். தட்டில் ஒரு காலனி கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம். அதற்குள் கிருமிக்கு உணவான ஊடகம் காய்ந்துவிடாமல் ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் சுற்றி ஒட்டி வைக்க வேண்டும். திரவத்தில் வளர்த்தாலோ, மெழுகு போன்ற செல்சுவரால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்திரளாக அடியில் தங்கிவிடும்; பிரிப்பதற்கென்றே ட்வீன் 80 என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளைக் கலக்கிறோம். இந்தத் துறையில் அவசரக்காரர்கள் நிலைப்பதில்லை.

மூலக்கூறு

மருந்து வேதியியலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மேலே சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 461 என்ற பட்டியலைப் பார்த்து யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இன்றியமையாத மரபணுவைக் கண்டுபிடி, அதன் புரதத்தைத் தனியே பிரித்தெடு, அதைத் தடுக்கும் சேர்மத்தை லட்சக்கணக்கானவற்றில் தேடு: இந்த வழியை ஜி.எஸ்.கே. மருந்து நிறுவனம் 1995 முதல் 2001 வரை பொதுவான பாக்டீரியாக்களில் முழு மூச்சாக முயன்றது. எழுபது பெருந்தேடல்கள், அவற்றில் 67 இப்படி இலக்கை முன்வைத்தவை. மேற்கொண்டு வளர்க்கத் தகுந்ததாகக் கிடைத்தவை ஐந்து. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். புரதத்தை அழகாகத் தடுக்கும் சேர்மம், கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடும். காசநோய்க் கிருமியின் சுவர் இன்னும் மோசம்.

பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்து எப்படி வந்தது? இலக்கே தெரியாது. ஸ்மெக்மாட்டிஸ் என்ற சாதுவான உறவுக்காரக் கிருமியின் மேல் சேர்மங்களைக் கொட்டி, எது கொல்கிறது என்று பார்த்தார்கள். கொல்வது கிடைத்த பிறகு, அதற்கு அசராத திரிபுகளை வரிசைப்படுத்தி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் நொதியில்தான் அடி விழுகிறது என்று 2005இல் சொன்னார்கள். ஐசோநியாசிட் 1952 முதல் நோயாளிகளைக் காப்பாற்றுகிறது. அதன் இலக்குப் பற்றித் தெளிவு வரத் தொடங்கியது 1990களில். மருந்து முதலில், இலக்கு பிறகு. வரலாறு என் பக்கம்தான் இருக்கிறது.

சோதனைக்குழாய்

> மருந்து முதலில், இலக்கு பிறகு.

ஐசோநியாசிட்டை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாகப் போயிற்று. 1992இல் கேட்ஜி மரபணு தெரிந்தது: அது மருந்தின் இலக்கு அல்ல, மருந்தை உள்ளே தூண்டிவிடும் நொதி. 1994இல் இன்எச்ஏ இலக்காக இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. வேறு புரதங்களையும் கைகாட்டினார்கள். காரணம், எதிர்ப்புத்திறன் பெற்ற திரிபுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கலாம். எது உண்மைக் காரணம் என்று பிரிக்க முடியாது. 2006இல் ஃபேஜ் வழியாக இன்எச்ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார்கள். புரதத்தின் 94ஆவது இடத்தில் செரினுக்குப் பதிலாக அலனின். கிருமியில் வேறு எதையும் தொடவில்லை. எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. அந்த ஒரு மாற்றம்தான் வழக்கை முடித்துவைத்தது. மருந்து முதலில் வந்தாலும், அதன் இலக்கை ஐயமற நிறுவியது மரபணு மாற்றம்தான்.

இருந்தாலும் உங்கள் முக்கியமான குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. டிரான்ஸ்போசான் முறை ஆம், இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்லும். மருந்து எந்தப் புரதத்தையும் நூற்றுக்கு நூறு நிறுத்துவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு குறைத்தால் கிருமி தள்ளாடுகிறது என்பதுதான். இப்போதைய வேலையின் மையமே அதுதான்.

பயோட்டின் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் பயோஏ என்ற நொதியைப் பாருங்கள். இன்றியமையாதது, மனித உடலில் இல்லாதது. பட்டியலில் பார்த்தால் லட்டு மாதிரி இருக்கும். 2011இல் அதைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பகுதியை நீக்கிய பிறகும் கிருமி சாவகாசமாக வளர்ந்தது. அறவே ஒழித்தால்தான் அடங்கியது. அவ்வளவு முழுமையாகத் தடுக்கும் மருந்து செய்வது உங்கள் துறைக்காரர்களுக்குப் பெரும்பாடு. மாறாக, புரத உற்பத்திக்கு அமினோ அமிலங்களை டி.ஆர்.என்.ஏ.வோடு இணைத்துத்தரும் சிந்தெட்டேஸ் நொதிகளைக் கொஞ்சம் குறைத்தாலே கிருமி துவண்டுவிடுகிறது. இரண்டும் டிரான்ஸ்போசான் பட்டியலில் ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

இப்படி அளந்து குறைப்பதற்கு, டி.என்.ஏ.வை வெட்டும் கருவியான கிரிஸ்பரின் வெட்டும் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். அதன் கேஸ்9 புரதம் மரபணுவின்மேல் போய் உட்காரும், ஆனால் வெட்டாது, வழியை மறிக்கும். எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமான கேஸ்9 இந்தக் கிருமியில் சரிவரவில்லை. 2017இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸிலிருந்து எடுத்த கேஸ்9தான் கைகொடுத்தது. டெட்ராசைக்ளின் வகைச் சேர்மத்தை ஊடகத்தில் சேர்த்தால் மறிப்பு தொடங்கும், எடுத்தால் நிற்கும். கேஸ்9ஐ உரிய இடத்துக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொஞ்சம் பொருந்தாமல் செய்தால் மறிப்பும் பலவீனமாகும். 2021இல் வெளியான ஆய்வில் இப்படி வலுவிலும் பலவீனத்திலும் வேறுபட்ட தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகாட்டிகளை வைத்து, மரபணுத்தொகுதி முழுவதற்கும் எது எவ்வளவு நொய்மையானது என்று வரிசையிட்டார்கள்.

செவ்வந்தி

காசநோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். படிக்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தலைவலி வளரும் கிருமி அல்ல. வளரும் கிருமியை இப்போதுள்ள மருந்துகள் சில வாரங்களிலேயே பெருமளவு அடக்கிவிடுகின்றன. சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகும் நோயாளியை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வைப்பது, நுரையீரலில் சோம்பிக் கிடக்கும் மிச்சத்துக்காக. நோயாளிக்கு உடம்பு தேறிவிட்டது. இன்னும் ஏன் மாத்திரை என்று கேட்கிறார். குடுவையில் சத்தான ஊடகம் ஊற்றி வளர்த்துக் கண்டுபிடித்த இலக்கு, அந்த மிச்சத்துக்குப் பொருந்துமா?

சோதனைக்குழாய்

டாக்டர், நெத்தியடியான கேள்வி. எப்போதும் பொருந்துவதில்லை.

2010இல் வெளிவந்த ஒரு கதையை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்ல வேண்டும். பிரிமிடின்-இமிடசோல் வகைச் சேர்மங்கள் குடுவையில் கிருமியை அபாரமாகக் கொன்றன. எலிக்குக் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. துருவிப் பார்த்தபோது, கிருமி கிளிசராலைத் தின்னும்போது மட்டுமே அந்தச் சேர்மம் நஞ்சாகிறது என்று தெரிந்தது. கிளிசராலைப் பயன்படுத்தும் மரபணு கெட்டுப்போன திரிபுகள் மருந்தைச் சட்டை செய்யவில்லை. ஆய்வக ஊடகத்தில் கிளிசரால் வழக்கமாகச் சேர்க்கப்படுவது. உடலுக்குள் கிருமி பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களையும் நம் செல்களின் கொலஸ்ட்ராலையும் தின்று வாழ்கிறது. நாம் ஊட்டிய உணவுக்கு நாமே மருந்து கண்டுபிடித்த கதை.

ஆகவேதான் அதே மரபணுமாற்றத் தொகுப்பை இப்போது கொலஸ்ட்ராலில், ஆக்சிஜன் குறைவில், அமிலத்தன்மையில், எலியின் உடலில் என்று பல நிலைகளில் ஓடவிடுகிறோம். பட்டியல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அணைத்துப் போடக்கூடிய மரபணுவின் அருமை இதில்தான்: கிருமியை எலியில் வளரவிட்டு, நோய் நிலைபெற்ற பிறகு எலியின் தீவனத்தில் டெட்ராசைக்ளின் வகையான டாக்சிசைக்ளினைக் கலந்து மரபணுவை நிறுத்தலாம். நாள்பட்ட நோயில் அந்த மரபணு தேவையா என்பதற்கு நேரடி விடை கிடைக்கும். மருந்து செய்வதற்கு முன்பே மருந்தின் விளைவைப் பார்க்கிற மாதிரி.

மூலக்கூறு

கொழுப்பைத் தின்பது என்று வந்துவிட்டதால், அதற்குக் கிருமி பயன்படுத்தும் ஐசோசிட்ரேட் லயேஸ் என்ற நொதி பற்றியும் சொல்லிவிடுங்கள். 2000இல் அதன் ஒரு மரபணுவை நீக்கியபோது எலியில் நாள்பட்ட நோய் நிலைக்கவில்லை. 2005இல் இரண்டையும் நீக்கியபோது கிருமி தங்கவே இல்லை; சுத்தமாகத் துடைத்தெடுக்கப்பட்டது. மரபியல்படி இதைவிட உயர்ந்த இலக்கு கிடையாது. எங்கள் ஆட்கள் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். அந்த நொதியின் வினைமையம் சிறியது, மின்சுமை கூடியது; வேலை நடக்கும்போது மூடிக்கொள்ளும். மருந்து போன்ற மூலக்கூறு எதுவும் அதில் சரியாக உட்காரவில்லை. இன்றுவரை நோயாளிக்குக் கொடுக்க எதுவும் வரவில்லை. மரபணுவை நீக்குவது வேறு, புரதத்தைப் பிடிப்பது வேறு.

நிதானி

ஓணானை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மரபணுவைக் கெடுத்தால் கிருமி பலவீனமாகும் என்றுதான் பொதுவாகச் சமாதானம் சொல்கிறார்கள். 2003இல் எம்சிஇ1 என்ற மரபணுக் கூட்டத்தைக் கெடுத்தபோது, எலியில் கிருமி முன்பைவிடக் கொடியதாக ஆனது என்று வெளியானதே? இதில் ஒரே எழுத்தை மாற்றி ஐசோநியாசிட் எதிர்ப்பையும் கொண்டுவந்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள்.

சோதனைக்குழாய்

எம்சிஇ1 செய்தி சரிதான். கெடுத்தால் பலவீனமாகும் என்பது பெரும்பாலும் உண்மை, எப்போதும் அல்ல. அதனால்தான் எந்தத் திரிபையும் சாது என்று முன்கூட்டியே எண்ணி வேலை செய்வதில்லை. மாற்றிய கிருமியானாலும் மாற்றாத கிருமியானாலும் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம்தான்: உள்ளே காற்றழுத்தம் குறைவு, வெளியேறும் காற்று நுண்வடிகட்டி வழியாகத்தான், குடுவையின் மூடியைத் திறப்பது பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும். நோய் காற்றில் பரவுவது என்பதால் அங்கே யாருக்கும் விளையாட்டுப் புத்தி வருவதில்லை.

எதிர்ப்புத்திறன் பற்றி. மாற்றிய கிருமியை மாற்றாததிலிருந்து பிரிக்க ஏதாவதொரு எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்தே ஆக வேண்டும். அதற்கு ஹைக்ரோமைசின் போன்றவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். காசநோய்க்கு மனிதருக்குக் கொடுக்காத மருந்து அது. சிகிச்சையில் இருக்கும் மருந்துக்கு எதிர்ப்பை வேண்டுமென்றே புகுத்துவது வேறு ரகம். வழக்கமான ஒப்புதலோடு அதைச் செய்ய முடியாது. நான் சொன்ன 94ஆம் இட மாற்றம் நோயாளிகளின் கிருமிகளில் ஏற்கெனவே காணப்பட்டதுதான், ஆய்வகம் உலகுக்குப் புதிதாகக் கொடுத்த எதிர்ப்பு அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மரபணு மாற்றமே கிருமியைப் பாதுகாப்பானதாகவும் ஆக்குகிறது. லியூசின், பாண்டோதினேட் என்ற இரண்டு சத்துகளையும் தானே தயாரிக்க முடியாதபடி செய்த திரிபுகள் உண்டு. இவ்விரண்டையும் ஊட்டாவிட்டால் வளராது. பல ஆய்வகங்களில் அவற்றை இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பிலேயே கையாள விடுகிறார்கள். 2025இல் மூன்று தனித்தனிக் கொலைப்பொறிகள் பொருத்திய திரிபு ஒன்றும் வெளியானது. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று ஒருநாள் தன்னார்வலர்களிடமே சோதிக்க உதவலாம் என்பது நோக்கம். அந்த ஆய்வில் எலியில்தான் காட்டியிருக்கிறார்கள்.

நிதானி

விளக்கத்துக்கு நன்றி. முழு நிம்மதி இல்லை, ஆனால் கேட்டதற்கு நேரான பதில் கிடைத்தது.

இளங்கன்று

ஆராய்ச்சி மாணவி. சோதனைக்குழாய் அண்ணா, ஒரு மரபணுவை நீக்கிய திரிபு கிடைத்திருக்கிறது. எலியில் வீரியம் குறைந்திருக்கிறது. இலக்கு கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

சோதனைக்குழாய்

அவசரப்பட வேண்டாம், தங்கையே. முதலில் நீக்கிய மரபணுவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். வீரியம் மீளவில்லை என்றால் குற்றவாளி வேறு. பிறகு பிடிம் என்ற கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். செல்சுவரின் வெளிப்புறத்தில் இருக்கும் இந்தக் கொழுப்பு வீரியத்துக்கு அவசியம், ஆனால் குடுவையில் வளர அவசியமில்லை. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது அதை இழந்த கிருமிகள் கொஞ்சம் வேகமாக வளர்ந்து கூட்டத்தைக் கைப்பற்றிவிடும். உங்கள் மரபணுவுக்குச் சம்பந்தமே இல்லாமல் வீரியம் போயிருக்கும். ஊடகத்தில் புரோப்பியோனேட் சேர்த்தால் இழப்பைத் தடுக்கலாம். முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்திவிட்டு எழுத உட்காருங்கள்.

கிரிஸ்பர் மறிப்பில் வேறொரு பொறி: ஒரே தொடராகப் படியெடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்றை மறித்தால் அதற்கு அடுத்து வருபவையும் அடங்கிவிடும். பழி எதன்மேல் என்று நிதானமாகப் பாருங்கள்.

மூலக்கூறு

சண்டை போட்டே பேர் வாங்கிவிட்டேன். மரபியல்காரர்களிடம் எனக்குப் பிடித்த இரண்டு வேலைகளையும் சொல்கிறேன்.

ஒன்று, 2019இல் வந்த பிராஸ்பெக்ட் முறை. இன்றியமையாத புரதங்களை ஒவ்வொன்றாகக் குறைத்த நூற்றுக்கணக்கான திரிபுகளைச் செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ. முத்திரை. அவற்றைக் கலந்து, ஐம்பதாயிரத்துக்கு நெருக்கமான சேர்மங்களோடு மோதவிட்டார்கள். இயல்பான கிருமியை அசைக்க முடியாத நோஞ்சான் சேர்மம்கூட, தன் இலக்கு ஏற்கெனவே குறைந்துபோன திரிபைக் கவிழ்த்துவிடும். எந்த முத்திரை மறைகிறது என்று பார்த்தால் சேர்மமும் இலக்கும் ஒன்றாகக் கையில் கிடைக்கின்றன. இஎஃப்பிஏ என்ற வெளியேற்றுப் புரதத்தைத் தடுக்கும் சேர்மம் அப்படித்தான் அகப்பட்டது. உயிருள்ள கிருமியில் நடக்கும் சோதனை என்பதால் சுவரைத் தாண்டாத சேர்மங்கள் அங்கேயே கழிந்துவிடுகின்றன. என் முதல் புகாருக்கு அதுவே பதில்.

மற்றொன்று டெலாசிபெக். கிருமியின் சுவாசச் சங்கிலியில் ஒரு கிளையை அடைக்கும் மருந்து. அடைத்தாலும் கிருமி சாகாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்திக்கொண்டது. சைட்டோக்ரோம் பிடி என்ற மாற்றுக் கிளையின் மரபணுக்களை நீக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுத்தபோது கிருமி செத்தது, 2017இல் வெளியானது. அந்த மாற்றுக் கிளையைத் தனியாக நீக்கினால் கிருமி கவலைப்படாது. எந்த இன்றியமையாமைப் பட்டியலிலும் அது வராது. இரட்டை மருந்துக்கு வழி காட்டியது மரபணு நீக்கம். இப்போது எங்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், பிடி கிளையை அடைக்கும் மூலக்கூறு தேடச் சொல்லி.

வினாக்குறி

கேட்டது நான்தான், ஆனால் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. டெலாசிபெக் கதை எங்கள் துறைக்காரருக்கு உடனே புரியும்: காப்பு வழி இருப்பதால் ஒன்றை மட்டும் நிறுத்தினால் அமைப்பு விழாது. அப்படியானால் இரண்டிரண்டாக நிறுத்திப் பார்க்க வேண்டும். 4,000 மரபணுக்களுக்கு எண்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இணைகள் வருகின்றன. இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமியில் இதை யார் செய்து முடிப்பது?

சோதனைக்குழாய்

எல்லா இணைகளையும் யாரும் செய்வதில்லை. ஒரு கையில் மருந்து, மறு கையில் மரபணுத் தொகுப்பு என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். 2022இல் கிரிஸ்பர் தொகுப்பைப் பல மருந்துகளோடு ஓடவிட்டார்கள். எந்த மரபணுவைக் குறைத்தால் எந்த மருந்து கூர்மையாகிறது என்று அட்டவணை வந்தது. அதில் எதிர்பாராத செய்தி ஒன்று: வைப்7 என்ற மரபணு கிருமிக்கு இயற்கையான எதிர்ப்புக்கவசம் என்பது ஏற்கெனவே தெரியும். தென்கிழக்கு ஆசியாவில் காணப்படும் ஒரு கிளைவகைக் கிருமிகளில் அந்த மரபணு தானாகவே கெட்டுப்போயிருக்கிறது. வழக்கமாகக் காசநோய்க்கு எடுபடாத கிளாரித்ரோமைசின் அந்தக் கிளைவகையின் மேல் நன்றாக வேலை செய்கிறது.

செவ்வந்தி

கிளாரித்ரோமைசின் எங்கள் அலமாரியிலேயே இருக்கும் பழைய மருந்தாயிற்றே. நாளைக்கே எழுதிக்கொடுத்துவிடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: கிருமியின் கிளைவகையை வரிசைப்படுத்திப் பார்க்காமல் கூடாது, முறையான மருத்துவப் பரிசோதனை நடக்காமலும் கூடாது. ஆனால் மற்ற கிளைவகைகளில் வைப்7ஐ நாமே தடுத்துவிட்டால்?

மூலக்கூறு

டாக்டர், அது மற்ற மரபணுக்களை இயக்கிவிடும் புரதம். நொதி அல்ல, வினைமையம் கிடையாது. அப்படிப்பட்டதைப் பிடிக்கும் மூலக்கூறு செய்யச் சொல்வது எங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும் வேலை. ஆனாலும் முழுக் கிருமியில் வைப்7 விழித்துக்கொள்வதை ஒளிரும் புரதத்தால் காட்டும் திரிபு ஒன்றைச் சோதனைக்குழாய் செய்து கொடுத்தால், சேர்மங்களை நான் தேடித் தருகிறேன்.

சோதனைக்குழாய்

ஸ்மெக்மாட்டிஸில் முதலில் செய்து பார்க்கலாம், அதில் மூன்று நாளில் காலனி வந்துவிடும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.